வராத மூன்று நாள்

ஆவணி 9, திங்கள்

இன்று முதல் எழுதுகிறேன். நோட்டு என் மகன் திருப்பூரிலிருந்து கொண்டுவந்தது. முதல் பக்கத்தில் அவன் பெண்டாட்டி கோலம் வரைந்து வைத்திருந்தாள். கிழித்து அடுப்பில் போட்டேன்.

எதற்கு எழுதுகிறேன் என்றால், புரட்டாசியில் நூறு நாள் வேலையைத் தணிக்கை செய்ய ஆட்கள் வருகிறார்களாம். ஊர்க்கூட்டம் போட்டு, வேலைத்தளத்தில் என்ன குறை, யார் என்ன தப்பு செய்தார்கள் என்று கேட்பார்களாம். கேட்கட்டும். தேதியோடு சொல்வேன். வாயால் சொன்னால் கிழவி உளறுகிறாள் என்பார்கள், எழுத்தைக் காட்டினால் வாயை மூடுவார்கள். நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். மீதியை அறிவொளிக்காரர்கள் வந்தபோது கற்றுக்கொண்டேன். அன்றைக்கு எங்கள் தெருவில் கற்றுக்கொண்டவர்கள் பதினாறு பேர். இன்றைக்கும் எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

தப்பு செய்கிறவள் முத்துச்செல்வி. எங்கள் வேலைத்தளத்துக்குப் பொறுப்பாளர். ஆவுடையம்மாள் பெற்ற மகள். ஆவுடை எனக்கு ஓரகத்தி முறை, என் புருஷனின் சித்தப்பா மகனைக் கட்டியவள்.

இன்று காலையில் கால்வாய்க் கரையில் மம்பட்டியோடு இறங்கினேன். முத்துச்செல்வி வந்து மம்பட்டியைப் பிடித்தாள்.

"பெரியம்மா, இனிமே நீங்க தண்ணி பாத்துக்கிடுங்க. குடமும் செம்பும் அந்தா இருக்கு."

"ஏன், என் கை செத்தா போச்சு?"

"கை சாகல. வெயிலு கொல்லுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று தெரியும்.

இந்த வேலை போனால் எனக்குத் திருப்பூர்தான் கதி. அங்கே ஒரே அறை. மருமகள் காப்பியைக் கையில் தரமாட்டாள், தரையில் வைத்துத் தள்ளுவாள். போன பொங்கலுக்கு முந்தைய பொங்கலுக்குப் போனபோது மூன்று தடவை தள்ளினாள். அந்த வீட்டில் போய் உட்கார மாட்டேன். என் அடுப்பு என் வீட்டில் எரிய வேண்டுமென்றால் வேலைப் பட்டியலில் என் பெயர் இருக்க வேண்டும். இன்று குடத்துக்கு ஒதுக்குகிறாள், நாளை பட்டியலை விட்டே ஒதுக்குவாள்.

ஆவணி 10, செவ்வாய்

சண்முகத்தாய் காலை வருகைப் போட்டோவுக்கு நின்றாள். முத்துச்செல்வி போனைத் தூக்கிப் படம் பிடித்ததும், மகள் வீட்டுக் காதுகுத்துக்கு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். நோட்டில் முழுநாள் எழுதியிருக்கிறது. நான் பார்த்தேன். தலைகீழாக இருந்தாலும் எனக்கு வாசிக்க வரும்.

ஆவணி 12, வியாழன்

தண்ணீர் ஊற்றினேன். நாற்பது பேருக்கு நாலு குடம். குடம் கனக்கவில்லை. கை மட்டும் சாயந்திரம் வரை ஆடிக்கொண்டே இருந்தது.

ஆவுடையைப் பற்றி ஒருதடவை எழுதிவிடுகிறேன். கூட்டத்தில் கேட்டால் சொல்ல வேண்டும். பெரிய பஞ்ச வருஷம். சர்க்கார் ரோடு போடுகிற வேலை கொடுத்தது. கல் சுமந்தால் கோதுமை. நான் ஐந்து மாசம். சேலையை இறக்கிக் கட்டிக்கொண்டு யாருக்கும் தெரியாமல் வரிசையில் நின்றேன். ஆவுடை மேஸ்திரியிடம் போய், "அவ முழுகாம இருக்கா, அவளச் சேத்தா வேல நடக்காது" என்று சொன்னாள். என் பெயரை அடித்துவிட்டு, அவள் தங்கச்சி பெயரை எழுதினார்கள். நான் கல் குவாரிக்குப் போனேன். அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

நாற்பத்திரண்டு வருஷம் ஆகிறது. அன்று ஆவுடை கட்டியிருந்தது கத்தரிப்பூக் கலர்ச் சேலை.

ஆவணி 16, திங்கள்

தெற்குத் தெரு பேச்சி ஆறு மாசம். அவளையும் முத்துச்செல்வி வேலைக்கு வைத்திருக்கிறாள். மண் சுமக்க விடுவதில்லை. வேப்பமரத்தடியில் மற்றவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலையாம், அதற்கும் முழுநாள் வருகையாம். பேச்சியிடம் கேட்டேன். "சட்டத்துலயே இருக்காம் ஆச்சி" என்றாள்.

குறித்துக்கொண்டேன். என்ன குற்றம் என்று பிறகு எழுதுவேன்.

ஆவணி 18, புதன்

முத்துச்செல்வி பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்திருக்கிறாள். அதில் உட்கார்ந்துதான் நோட்டில் எழுதுகிறாள். அவள் அப்பன் வாழ்நாளில் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது, ஆஸ்பத்திரியில் தவிர. புருஷன் லாரியில் போனவன் நாலு வருஷமாக வரவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் படிக்கின்றன. இவளுக்கு நாற்காலி.

மத்தியானம் கண்ணைக் கட்டியது. கொஞ்சம் நின்றேன், சரியாகிவிட்டது. அவள் நாற்காலியை என் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, எழுந்து போய்விட்டாள். நான் உட்காரவில்லை.

ஆவணி 23, திங்கள்

வரத்துக் கால்வாயில் முள் வெட்டினார்கள். மரியசெல்வத்துக்குக் காலில் முள். தண்ணீர் ஐந்து குடம்.

ஆவணி 27, வெள்ளி

மூன்று நாள் எழுதவில்லை. பேனாவில் மை இல்லை.

நெற்றியில் ஒரு சின்னக் காயம். கதவில் இடித்துக்கொண்டேன். கஞ்சி யாரோ வைத்துவிட்டுப் போனார்கள், தூக்குவாளி என்னுடையது இல்லை. உப்பு அதிகம். எங்கள் பங்காளி வீட்டில் எல்லோருக்குமே உப்புக் கை.

வேலைக்குப் போனேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆவணி 31, செவ்வாய்

தணிக்கை ஆட்கள் வந்துவிட்டார்கள். மூன்று பேர், எல்லாம் சின்னப் பிள்ளைகள். வீடு வீடாகப் போய் வேலை அட்டையைப் பார்க்கிறார்கள். என் வீட்டுக்கு வந்தவள் பெயர் நிவேதா. மோர் கொடுத்தேன். எத்தனை நாள் வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டாள். இந்த வருஷம் நான் போன நாளையெல்லாம் கிழமையோடு சொன்னேன். ஆவணிக்கு வந்ததும் அடுப்பில் பால் பொங்கியது. எழுந்து போய்விட்டேன்.

வெளியே போகும்போது அந்தப் பெண் கூட வந்தவனிடம், "இந்த ஆச்சிகிட்ட பெரிய ஞாபகசக்தி" என்றாள். எனக்குக் கேட்டது.

புரட்டாசி 3, வெள்ளி

கூட்டம் நடந்தது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் ஷாமியானா போட்டிருந்தார்கள். நூறு பேருக்குக் குறையாது. முத்துச்செல்வி முன்வரிசையில் நோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஆவுடை தூணில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். குறை இருப்பவர்கள் சொல்லலாம் என்று நிவேதா மைக்கில் சொன்னதும் நான் எழுந்தேன்.

"என் பேரு குருவம்மாள். தேதியோட சொல்லுதேன், எழுதிக்கோ. ஆவணி பத்து, சண்முகத்தாய் போட்டோவுக்கு நின்னுட்டு காதுகுத்துக்குப் போனா. முழுநாள் போட்டிருக்கு."

சண்முகத்தாய் எழுந்தாள். "ஏ ஆச்சி, நீ அந்தக் காதுகுத்துல இருந்து நான் கொண்டாந்த லட்டு ரெண்டு வாங்கித் தின்னியே, அதையும் எழுதிருக்கியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒரு லட்டுதான்.

நிவேதா நோட்டைப் புரட்டினாள், போனில் போட்டோவைப் பார்த்தாள். "ஆச்சி சொல்றது சரிதான். சாயந்திரப் போட்டோவுல அவங்க இல்ல."

முத்துச்செல்வி எழுந்து நின்று, "அரைநாள்தான் போட்டிருக்கணும். என் தப்பு" என்றாள். மறுக்கவில்லை. மறுப்பாள் என்று நினைத்து நான் இன்னும் நாலு வார்த்தை வைத்திருந்தேன்.

அப்புறம் ஆனியில் ஒன்று, வைகாசியில் இரண்டு சொன்னேன். எல்லாம் ஒத்துப்போயிற்று. எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருந்தது.

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டாள்.

"ஆச்சி, நீங்க சொன்ன ஒரு தேதிகூடத் தப்பல. அதனால உங்களையே கேக்குறேன். செப்டம்பர் ஒன்பது, பத்து, பதினொண்ணு. ஆவணி இருபத்துநாலுல இருந்து இருபத்தாறு வரை. உங்க பேருக்கு மூணு நாளும் வருகை இருக்கு. போட்டோ எதுலயும் உங்களக் காணோம். வந்தீங்களா?"

முத்துச்செல்வி என்னைப் பார்க்கவில்லை. மைக் இல்லாமலே, "பெரியம்மா வந்தாக. போட்டோ எடுக்கையில தண்ணிக்குப் போயிருந்தாக" என்றாள்.

மூன்று நாளும், இரண்டு வேளையும் தண்ணீருக்கா? பொய் சொல்லவும் தெரியவில்லை.

வந்தேன் என்று நானும் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வேலையும் தப்பும், என் பெயரும் தப்பும். வரவில்லை என்றால் விழுந்ததைச் சொல்ல வேண்டும். விழுகிற கிழவிக்கு யார் வேலை தருவார்கள்? இது எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆனால் தூணுக்குப் பக்கத்தில் ஆவுடை வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். நான் வந்தேன் என்று சொன்னால் அவள் சாகும்வரைக்கும் தெருவெல்லாம் சொல்வாள், குருவம்மா எம்மக போட்ட வருகையில சாப்பிட்டா என்று.

"வரல" என்றேன்.

"என்ன ஆச்சி?"

"வரல. இருபத்துநாலாம் தேதி காலம்பற கால்வாய்ல விழுந்துட்டேன். மூணு நாளும் வீட்டுலதான் கெடந்தேன்."

ஆவுடை தூணை விட்டு வந்து கத்தினாள். "தூக்கிட்டுப் போனது யாருன்னு கேளுங்கம்மா! மூணு நாளு கஞ்சி ஊத்துனது யாருன்னு கேளுங்க! எம்மவ முதுகுல சொமந்தா! இந்த நன்றிகெட்டவ..."

"எம்மா, நீ சும்மா இரு" என்றாள் முத்துச்செல்வி.

"உப்பு அதிகம்" என்று நான் சொன்னேன். அது மைக்கில் கேட்டுவிட்டது.

வராதவருக்கு மூன்று நாள் வருகை போட்டது பெரிய குற்றமாம். நான் சொன்ன மற்றதெல்லாம் எச்சரிக்கையோடு போயிற்று. இது ஒன்றுக்குத்தான் முத்துச்செல்வியைப் பொறுப்பிலிருந்து எடுத்தார்கள். நோட்டையும் போனையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் கேட்டது நடந்துவிட்டது. இரவு சாப்பிடவில்லை. பசி இல்லை.

புரட்டாசி 6, திங்கள்

புதுப் பொறுப்பாளர் வேல்ராஜ். வயது இருபத்தெட்டு. பஞ்சாயத்தில் யாருக்கோ மச்சான். நாற்காலி நிழலில் இருக்கிறது, தண்ணீர்க் குடம் வெயிலில் இருக்கிறது.

"பாட்டி, நீங்க மயங்கி விழுற கேஸாமே? கூட்டத்துல நீங்களே சொல்லிட்டீங்க."

"ஒருநாள் விழுந்தேன். எந்திரிச்சுட்டேன்."

"அதெல்லாம் ரிஸ்க்கு. எல்லாரும் வெட்டுற மாதிரி ஒரு முழுக் குழி மூணு நாள்ல வெட்டிக் காட்டுங்க. முடியலன்னா பேர அடிச்சிருவேன். அப்புறம் என்னைய வையக்கூடாது."

"இப்பவே வைதாச்சு" என்றேன். வைததை இங்கே எழுதவில்லை.

குழி என்றால் ஒரு ஆள் படுக்கிற நீளம், இரண்டு முழம் அகலம், தொடை மட்டம் ஆழம். மழைத்தண்ணீர் நிற்பதற்கு. நடுவில் ஒரு மண்திட்டை வெட்டாமல் விட வேண்டும். பழைய தரை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று அதை வைத்துத்தான் அளப்பார்கள்.

எனக்கு ஓரத்துக் குழி. பக்கத்துக் குழி முத்துச்செல்விக்கு. அவளும் இப்போது எங்களைப் போல மம்பட்டி பிடிக்கிறாள். நாள் பூராவும் அவள் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சாயந்திரம் என் குழி கணுக்காலுக்கு மேல் நாலு விரல்.

புரட்டாசி 7, செவ்வாய்

மண் கல்லாக இருக்கிறது. பத்து வெட்டு, ஒரு மூச்சு. பத்து வெட்டு, ஒரு மூச்சு. மரியசெல்வம் வந்து, "திருப்பூருக்குப் போயி மகன்கூட இருந்தா என்னக்கா?" என்றாள். அவள் மருமகள் நல்லவள். அவளுக்குப் புரியாது.

மத்தியானம் மரத்தடியில் சாய்ந்தேன். கண் அசந்துவிட்டது போலிருக்கிறது. திரும்பிப் போய்ப் பார்த்தால் குழி முழங்காலைத் தாண்டி இறங்கியிருக்கிறது.

யார் வெட்டியது என்று கேட்கத் தேவையில்லை. முத்துச்செல்வி இடதுகைக்காரி. வெட்டு வலது பக்கம் சாய்ந்து இறங்கியிருந்தது. ஊரில் வேறு யாருக்கும் அப்படி விழாது.

வெளியே கிடந்த மண்ணை அள்ளி, நான் விட்டுப்போன மட்டத்துக்குத் திரும்பக் கொட்டினேன். சட்டி சட்டியாகப் பதினொரு சட்டி. காலால் மிதித்து இறுக்கினேன்.

"ஏளா, அந்த ஆச்சிக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு. வெட்டுன குழியை மூடுது" என்று சண்முகத்தாய் கத்தினாள்.

முத்துச்செல்வி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தாள். "என்ன பெரியம்மா இது?"

"என் குழி. நானே வெட்டுவேன், நானே மூடுவேன். உன் மம்பட்டி இதுல விழுந்துச்சுன்னா நடக்கிறது வேற."

"பேரு போயிருமே."

"எம்பேருதான போகும்? உனக்கென்ன?"

அவள் அழுதாளா, வேர்வையா தெரியாது. எனக்குக் கண் அவ்வளவு தூரம் தெரியாது.

அதற்குப் பிறகு சாயந்திரம் வரை வெட்டினேன். முழங்காலுக்கு இரண்டு விரல் கீழே.

புரட்டாசி 8, புதன்

கையில் கொப்புளம் உடைந்துவிட்டது. பேனா பிடிக்க முடியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மூன்று மணிக்கு ஓவர்சியர் டேப்போடு வந்தார். முப்பத்தொன்பது குழி அளந்தார். கடைசியில் என்னுடையது. வேல்ராஜ் கூடவே வந்து நின்றான். பெண்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். திட்டின் உச்சியில் டேப்பை வைத்துக் கீழே விட்டார்.

"ஒரு சாண் குறையுது பாட்டி."

"குறையுதுன்னா குறையுதுன்னு எழுது. கூட்டி எழுதாத. கூட்டி எழுதுன கதைய ஊரே பாத்துருச்சு."

"சரி, முக்கால் குழின்னு எழுதிக்கிறேன்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குத் திரும்பினார்.

"அவ்வளவுதானா? பேரு?" என்று கேட்டேன்.

"என்ன பேரு?"

"முழுக் குழி வெட்டலன்னா பேர அடிப்பேன்னு இந்தத் தம்பி சொன்னாரு."

ஓவர்சியர் வேல்ராஜைப் பார்த்தார். "யோவ், உனக்கு யாரு சொன்னா? வேலை குறைஞ்சா அளவுக்குத் தக்கனதான் கூலி. வேலை கேக்குற ஆளு பேர அடிக்க உனக்கும் அதிகாரம் கிடையாது, எனக்கும் கிடையாது. வயசானவங்களுக்குத் தண்ணி வேலை, பிள்ள பாக்குற வேலைன்னு தனியா விதியே இருக்கு. குடத்தப் பாத்தியா? எப்படிக் கொதிச்சுக் கெடக்குன்னு பாரு."

வேல்ராஜ் தலையைச் சொறிந்தான்.

விதி. தண்ணீர்க் குடத்தை என்னிடம் கொடுத்தது தயவு இல்லை, ஒதுக்கியதும் இல்லை. விதி. எல்லா வேலைத்தளத்திலும் இருக்கிறதாம்.

நான் முத்துச்செல்வி குழிக்குப் போனேன். மூன்று நாளில் முதல் தடவையாக நானாகப் பேசினேன்.

"இது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பேர அடிக்க முடியாதுங்கிறதும் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன்டி சொல்லல? மூணு நாளு உயிரக் குடுத்து வெட்டுதேன், பாத்துக்கிட்டே நிக்க?"

"சொன்னா கேட்டிருப்பீகளா?"

சுற்றி நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். இந்தத் தடவை யார் யார் என்று பார்க்கவில்லை.

புரட்டாசி 9, வியாழன்

நாளை யூனியன் ஆபீசில் முத்துச்செல்விக்கு விசாரணை. பொறுப்பு திரும்பக் கிடைக்குமா, ஒரேயடியாகப் போகுமா என்று நாளைக்குத் தெரியும். சாட்சி யாராவது வரலாமாம். வருகிறேன் என்று நான் சொல்லியனுப்பவில்லை. ஓவர்சியரிடம் நேரம் மட்டும் கேட்டுவைத்தேன்.

அங்கே போய் நின்று தடுமாறக் கூடாது. அதனால் எழுதிவைக்கிறேன்.

தை 22, 23, 24. நிதி வரவில்லை, வேலை கிடையாது என்று ஆபீசில் சொன்னார்கள். முத்துச்செல்வி நாற்பது பேரிடமும் வேலை கேட்டு மனு எழுதி வாங்கினாள். எழுதத் தெரியாதவர்களுக்கு அவளே எழுதினாள். தேதி போட்ட ரசீது தராமல் எழுந்திருக்க மாட்டேன் என்று ஆபீஸ் வாசலில் மூன்று நாள் உட்கார்ந்தாள். மாசி 8ஆம் தேதி வேலை வந்தது.

பங்குனி 11. அட்டைக்கு மிஷினில் என் கைரேகை விழவில்லை. வேறு யாராவது என்றால் போய்விட்டு அப்புறம் வா என்பார்கள். என்னை உட்காரவைத்து, விரலைத் தேங்காய் எண்ணெயில் துடைத்துத் துடைத்து ஒன்பது தடவை வைத்துப் பார்த்தாள்.

சித்திரை 19. கரையில் கீற்றுப்பந்தல். ஓலை அவள் வீட்டுக் கூரை ஓலை.

வைகாசி 30. சாயந்திரம் மழை. எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக நனைந்துகொண்டு போனாள். மம்பட்டிகளை அவள்தான் எண்ணி எடுத்துவைத்தாள்.

ஆவணி 24. முதுகில் சுமந்தாள். நான் கனம்தான்.

மூன்று நாள் வருகை போட்டது தப்பு. அதையும் சொல்வேன். அந்த மூன்று நாளை என் பெயரிலிருந்து கழித்துக்கொள்ளச் சொல்வேன். அவளை மன்னித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அவள் ஆவுடை மகள்தான்.

இதையெல்லாம் நான் முன்பு எழுதவில்லை. எழுதவில்லை என்பதால் மறந்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

சாயந்திரம் முத்துச்செல்வி வாசலில் வந்து நின்றாள். ஓவர்சியர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

"நாளைக்கு வாரீகளாமே. என்னத்தச் சொல்லப்போறீக?"

"உள்ளதச் சொல்வேன்."

அவள் முகம் சுண்டிப்போயிற்று. நான் விளக்கவில்லை. போய்க் கேட்டுக்கொள்ளட்டும்.

ஏழரை பஸ். என் பக்கத்து சீட்டில் அவள் உட்காரக் கூடாது என்று சொல்லிவிட்டேன். பின்னால் உட்காரலாம், நான் இறங்கும்போது பார்த்துக்கொள்ள.